நாலும் ஒரே உயரம்

கள்ளக்குறிச்சியில் குளிர்கால டயர் கேட்டு வந்த ஆள் என் சர்வீஸிலேயே ஒருவர்தான். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். டயர் கழற்றுவது, மாட்டுவது, பாலன்ஸ் பார்ப்பது இதெல்லாம் பாஷா பாய் சொல்லித் தருவார். அதில் எனக்கு வேலை இல்லை. நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். எந்த வண்டிக்கு எந்த சைஸ் என்று சொல்வதுதான் என் வேலை. கேட்கிறதற்கு நோகாத வேலை மாதிரி இருக்கும். நாம் வாய் தவறி ஒன்று சொன்னால் அதன் பலனை அனுபவிப்பது நாம் இல்லை, மலையில் ஏதோ ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற இன்னொருத்தர். வந்த புதிதிலேயே இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறேனே என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பயம் இருக்கிற பிள்ளைகளைத்தான் எனக்குப் பிடிக்கும்.

வந்தவர் பெயர் கதிரவன். முப்பத்தைந்து வயது இருக்கும். வெளிநாட்டில், பாதி வருஷம் பனி கொட்டுகிற ஒரு ஊரில், கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். அப்பா கல்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் நைனார்பாளையம், நிலமும் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு மலையிலேயே தங்கிவிட்டார். வாரத்துக்கு இரண்டு முறை கீழே இறங்கிவந்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு வீடு பிடித்து, இங்கே வந்து இருங்கள் என்று மகன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். “வைத்தியத்துக்கு வரேன், குடியிருக்க வரமாட்டேன்” என்று பெரியவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆகவே கதிரவன்தான் ஒவ்வொரு முறையும் மலையேறிப் போய்க் கூட்டிவந்து, மறுபடி கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

அதற்கு அவர் வைத்திருந்த கார் இருக்கிறதே, அது வைத்தியத்துக்கு அழைத்துப்போகிற கார் இல்லை. தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். லேசாக மிதித்தாலே பறக்கும். கோயம்புத்தூரில் யாரோ ஆசைக்கு வாங்கி அலுத்துப்போய் விற்றதை இவர் வாங்கிவந்திருந்தார். டயர் பட்டையாக அகலம்; பக்கச்சுவரோ உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருக்கும். எக்ஸ்பிரஸ் சாலைக்கு அது சரி. நம் மலைச்சாலைப் பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் ரப்பர் என்ற ஒன்றே இல்லாத மாதிரிதான்.

ஐப்பசி மாதம் முதல் தடவையாகக் கடைக்கு வந்தார்.

“அக்கா, விண்டர் டயர் வேணும்.”

பாஷா பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னா சார், இந்த வருஷம் கள்ளக்குறிச்சில பனிக்கட்டி வுழப் போவுதா?”

கதிரவனும் சிரித்துவிட்டார். “நம்ம ஊருக்கு மழைதான் பாய் குளிர்காலம். பனி காலத்துக்கு அங்க இன்னா பண்ணுவாங்களோ, அதத்தான் மழைக்குக் கேக்கறன். ரிம்ம ஒரு இஞ்சு சின்னதாக்கி, டயர ஒல்லியாக்கி, செவுத்த ஒசத்திப் போடுவாங்க. வழுக்கற எடத்துல அகலமா இருக்கறத வுட ஒல்லியா இருக்கறதுதான் கடிச்சிக்கினு போவும்.”

எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. அகலமாக வேண்டும், பெரிதாக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள்தான் நம்மிடம் ஜாஸ்தி. ஒல்லியாக வேண்டும் என்று கேட்டவர் இவர் ஒருத்தர்தான். “அளவ மட்டும் அங்கேர்ந்து எடுத்துக்கலாம் தம்பி, ரப்பரு வேணாம்” என்றேன். பனிக்கான ரப்பர் மெத்தென்று இருக்கும். நம் வெயிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர் மாதிரி தேய்ந்துவிடும். அவரும் அதை யோசித்துத்தான் வைத்திருந்தார். மழைத்தண்ணீரை ஒதுக்கித் தள்ள ஆழமான வரிப்பள்ளம் உள்ள சாதாரண டயரே போதும், அளவு மட்டும் அகலம் இருநூற்று இருபத்தைந்து மில்லி, பக்கச்சுவர் அதில் பாதி, ரிம் பதினேழு இஞ்சு என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். மொத்த உயரம் கிட்டத்தட்ட பழைய டயர் அளவுக்கே வந்துவிடும். ரிம்முகள் முதலில் வந்தன. மாட்டிப் பார்த்ததில் பிரேக்கில் எங்கேயும் உரசவில்லை. டயர்கள்தான் சென்னையிலிருந்து லாரி வரவேண்டும், வரவேண்டும் என்று இழுத்துக்கொண்டே போயின.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நாலு சக்கரமும் இழுக்கிற காரில் நாலு டயரும் ஒரே உயரம் இருக்க வேண்டும். இரண்டு உயர்ந்தும் இரண்டு தாழ்ந்தும் இருந்தால், ஒரே தூரத்துக்கு ஒன்று கம்மியாகவும் ஒன்று ஜாஸ்தியாகவும் சுற்றும். முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் நடுவில் இணைத்து வைத்திருக்கிற பாகம் இதைச் சமாளிக்க முடியாமல் சூடாகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். சமதரையில் மெதுவாக ஓட்டினால் கொஞ்ச நாள் தெரியாது. மலையில், வளைவுக்கு மேல் வளைவு திருப்பி ஏற்றும்போது சீக்கிரமே தெரிந்துவிடும்.

கார்த்திகை மாதத்தில் புயல் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை. கடையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட வேண்டும் என்று நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். கதிரவன் கார் நொண்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றது. இடது பக்கம் முன் டயரும் பின் டயரும் சுத்தமாகக் காலி. தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது, தெரியாமல் இறக்கிவிட்டார். பக்கச்சுவர் இரண்டிலும் கத்தியால் கிழித்த மாதிரி கிழிசல்.

இறங்கினவர் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டேன்.

“அக்கா, அப்பாவ எறக்கணும். திங்கக்கெழமையே டயாலிசிஸ் பண்ணிருக்கணும். மண்ணு சரிஞ்சி ரோடு நின்னுடுச்சி, போவ முடியல. காலு ரெண்டும் வீங்கிப்போயி, படுக்க முடியாம உக்காந்துக்கினே இருக்காரு. காலைல போன்ல பேசனப்போ ஒரு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு வாங்குது.”

“நூத்தியெட்டுக்குச் சொன்னீங்களா?”

“வந்துச்சிக்கா. பாதி மலைலயே நின்னுடுச்சி. செம்மண்ணு ரோடு பூரா வழிஞ்சி கெடக்குது, சக்கரம் வழுக்கிக்கினு ஏறவே மாட்டேங்குதாம். அதுக்கு மேல மரவள்ளி லாரி ஒன்னு வளைவுல குறுக்க சாஞ்சி நிக்குது. சின்ன வண்டி பூந்து போற அளவுக்குத்தான் எடம். மேல ரெண்டு ஜீப்பு இருக்குது, ரெண்டும் அருவி பக்கம் மாட்டிக்கினவங்கள தேடிப் போயிருக்குதாம், எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. ஆஸ்பத்திரில மெஷின் ரெடியா வச்சிக்கினு இருக்காங்க. மத்தியானத்துக்கு மேல திரும்பவும் பெரிய மழையாம்.”

அதாவது, அந்தக் கார் ஏறினால் பெரியவர் பிழைப்பார். ஏறாவிட்டால் தெரியாது. இதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கடையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். கதிரவனுக்காக வாங்கின பதினேழு இஞ்சு ரிம் நாலு. அந்த அளவில் அதுவரை வந்து சேர்ந்திருந்த புது டயர் இரண்டே இரண்டு. சேலத்துக்குப் போன் போட்டால் மீதி இரண்டு கிடைக்கும், ஆனால் பஸ்ஸில் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். நான் யோசித்து முடிப்பதற்குள் பாஷா பாய் புது டயர் இரண்டையும் உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“புதுசு ரெண்டும் முன்னாடி மாட்டிடறன். சார் வண்டில நல்லா இருக்கற ரெண்டையும் பின்னாடி தள்ளிடறன். கால் மணி நேரம் சார், கெளம்பிடலாம்.”

பாயைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம் ஊர் லாரி ஊர். புது டயர் முன்னாடி, பழசு பின்னாடி என்பது இங்கே எல்லார் கைக்கும் படிந்துபோன வழக்கம். ஸ்டீயரிங் பிடிக்கிற பக்கம் புதுசாக இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். கரும்பு லாரிக்காரர்களுக்கு அப்படி மாட்டி மாட்டி, கார் வந்தாலும் கை தானாக அதைத்தான் செய்யும். சாதாரணக் காராக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

“நிறுத்துங்க பாய். அது தேஞ்சது, இது புதுசு, அளவும் வேற. உயரம் ஒன்னா வராது” என்றேன்.

கதிரவன் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயமா இது? அந்த மாதிரிக் கார் செய்கிற இடத்திலேயே வேலை பார்த்தவர். என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். “தெரியுங்கா” என்றார். “ஒரே ஒரு தடவதான. ஏறி எறங்கறதுக்குள்ள ஒன்னும் ஆவாது. அப்புறம் பாழாப்போனா போவட்டும், வண்டியே போவட்டும்.”

பிள்ளைகளே, நம் தொழிலில் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய வார்த்தை இதுதான்: ‘ஒரே ஒரு தடவைதானே.’ சும்மா சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். உயிர் போகிற அவசரத்தில் இருக்கிறவர்கள்தான் சொல்வார்கள். அதனால்தான் நமக்கு மறுக்க வாய் வராது.

“வண்டி போனா போவட்டும், சரி. எந்த எடத்துல போவும்னு தெரியுமா தம்பி? லாரி சாஞ்சி நிக்கற வளைவுலயே போச்சின்னா? பின்னாடி ஒரு வண்டி ஏற முடியாது, மேலேர்ந்து ஒரு வண்டி எறங்க முடியாது. ஒங்க அப்பாவுக்கு இருக்கற அந்த ஒரு வழியையும் நீங்களே அடைச்ச மாரி ஆயிடும்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி உள்ளேயிருந்து வந்தார். நல்ல மனுஷர், ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் தண்ணீர் பார்த்தால் பதறிப்போவார். “ஸ்டெல்லா, அவுரு கேக்கறதக் குடுத்து அனுப்பும்மா. நேரமாவுது இல்ல?”

எனக்கும் நேரம் ஆவது தெரியாமல் இல்லை. முடியாது என்று சொல்வது சுலபம், சொல்லிவிட்டு இருக்கையில் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கிறபோது வெறும் ‘முடியாது’ என்பது பதில் இல்லை. அப்போதுதான் பின்பக்கம் ஷெட்டில் கிடக்கிற பழைய டயர்கள் ஞாபகத்துக்கு வந்தன. அதே பதினேழு இஞ்சு அளவில், இரண்டு கார்களிலிருந்து மாற்றிக் கழற்றிப் போட்டவை ஆறு கிடந்தன. பாதி தேய்ந்தவை. பாதி வரி இன்னும் மிச்சம் இருந்தது.

“புதுசு ரெண்டு வேணாம். பழசு நாலு போடலாம். நாலும் ஒரே உயரமா தேடி எடுக்கறன்.”

முதலாளி என்னைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போகாத குறை. “இன்னாம்மா பேசற? சாவக் கெடக்கற மனுஷன எறக்கறதுக்கு ஓட்டை டயர மாட்டி அனுப்பறதா? எதுனா ஒன்னு ஆச்சின்னா கடை பேரு இன்னா ஆவறது? புது டயரு போட்டு எதுனா ஆச்சின்னா வண்டி மேல பழி. பழசு போட்டு ஆச்சின்னா நம்ம மேல பழி.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் என்னைக் கொன்றது. இரண்டு புது டயர் போட்டு அனுப்பி மேலே நின்றுபோனால் யாரும் ஸ்டெல்லாவை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நாலு பழசு போட்டு அனுப்பி ஒன்று வெடித்தால் என் பெயர்தான் முதலில் வரும். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிற வழி ஒன்று, அந்தக் கார் மேலே போய்ச் சேருகிற வழி இன்னொன்று என்று அன்றைக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. அப்படித் தெரிகிறபோது எந்தப் பக்கம் நிற்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. நிற்கிறபோது பயமாகத்தான் இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

“தம்பி, நீங்க சொல்லுங்க” என்றேன். “ஓட்டப்போறது நீங்க.”

கதிரவன் ஷெட்டுக்குப் போய் அந்த டயர்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்தார். “அங்கெல்லாம் இவ்ளோ தேஞ்சா பனில எடுக்கவே வுடமாட்டாங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “மாட்டுங்கக்கா” என்றார்.

ஆறில் பார்வைக்கு நன்றாக இருந்த நாலை எடுத்து, உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்து, பாய் ரிம்மில் ஏற்றிக் காற்றடித்தார். நான் பார்சல் கட்டுகிற சணலை எடுத்து ஒவ்வொரு டயரையும் சுற்றி அளந்தேன். இரண்டு கார்களிலிருந்து வந்தவை இல்லையா, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் சுற்றளவு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று சரியாக வந்தன. நாலாவது ஒரு விரல் அகலம் கம்மி.

“இத்தக் கழட்டுங்க பாய்.”

கதிரவனுக்கு அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டது. “நூல வச்சி அளந்துக்கினு இருக்கீங்களே! மேல எங்கப்பா செத்துக்கினு இருக்காருக்கா! ஒரு வெரல்ல இன்னா ஆயிடப்போவுது?”

கடையில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். “கழட்டுங்க பாய்” என்று மறுபடி சொன்னேன். நாலாவதுக்குப் பதில் எடுத்தது பார்வைக்கு அவ்வளவு நன்றாக இல்லை, கொஞ்சம் கறுத்துப்போய், தூசி அப்பிக் கிடந்தது. ஆனால் சணல் சரியாக வந்து நின்றது. வெளியே வீக்கம் இல்லை, உள்ளே ஒட்டுப்போட்ட அடையாளம் இல்லை. அதையே மாட்டச் சொன்னேன். அவருடைய சொந்தச் சக்கரத்தில் நன்றாக இருந்த ஒன்றை, அவசரத்துக்கு ஆகட்டும் என்று, டிக்கியில் வைத்து அனுப்பினோம். அந்தக் காருக்கு ஸ்டெப்னி என்று ஒன்று தனியாகக் கிடையாது.

கார் கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பிப் போனதும் மழை தூற ஆரம்பித்தது.

அதற்கப்புறம் இருந்த நேரத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடிவாரம் தாண்டினால் வழியெல்லாம் போன் எடுக்காது. பேருந்து நிலையம் பக்கம் போய் மலைக்குப் போகிற ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று பாய் விசாரித்துவிட்டு வந்தார். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கவுண்டரில் ஆட்கள் வந்தார்கள், சைஸ் கேட்டார்கள், சொன்னேன். ஆட்டோக்காரர் ஒருத்தரிடம் தப்பான சைஸ் சொல்லி, பாய் திருத்தினார். மத்தியானம் சொன்ன மாதிரியே மழை கொட்டியது. தகரக்கூரை மேல் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுகிறது கேட்கவில்லை. முதலாளி என்னிடம் பேசவே இல்லை. கறுத்துக் கிடந்த அந்த நாலாவது டயர் கண்ணை விட்டுப் போகவில்லை. ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாலும் அதுதான் வந்து நின்றது.

இருட்டுகிற நேரத்தில் போன் வந்தது. “ஆஸ்பத்திரில சேத்துட்டங்கா. மெஷின்ல போட்டுட்டாங்க. டாக்டரு ஒன்னும் பயம் இல்லன்னு சொல்லிட்டாரு.” நான் அழுதுவிட்டேன். வாடிக்கையாளர்கள் முன்னாடி அழக்கூடாது என்று உங்களுக்கெல்லாம் சொல்வேன், ஆனால் நான் அழுதேன். முதலாளி எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். “ஸ்டெல்லா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அப்போதுதான் வந்த ஒரு வாடிக்கையாளரிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்தால் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை கதிரவன் காரைக் கொண்டுவந்தார். வாசலில் திரும்பும்போதே ஒரு சக்கரம் கோணலாகத் துள்ளுவது எனக்குத் தெரிந்தது. இடது பின்பக்கம். குனிந்து பார்த்தேன். அதே நாலாவது டயர்தான். பக்கச்சுவரில் கொய்யாக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. டயருக்குள் இழையோடுகிற நூல் அறுந்து காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு கல் பட்டிருந்தால் வெடித்திருக்கும். உயரம் சரியாக வருகிறது என்று நான் எடுத்துக் கொடுத்த டயர் அது. கட்டையாக இருக்கிறது என்று நான் கழற்றச் சொன்னது ஷெட்டில் சௌக்கியமாகக் கிடந்தது.

முதலாளி என் பக்கத்தில் வந்து மெதுவாக, “காட்டிக்காத. கழட்டி உள்ள போட்டுடு. நல்லபடியா முடிஞ்சிடுச்சி இல்ல?” என்றார்.

என்னால் முடியவில்லை. கதிரவனைக் கூப்பிட்டு அந்த வீக்கத்தைக் காட்டினேன்.

அவர் கட்டைவிரலால் அதை அழுத்திப் பார்த்தார். “தெரியுங்கா” என்றார்.

“எப்பலேர்ந்து?”

“எறங்கறப்போ. லாரிய தாண்டி ரெண்டு வளைவு வந்திருப்பன். ஒரு கல்லு மேல ஏறி எறங்குச்சி. அப்புறம் பின்னாடி ஒதற ஆரம்பிச்சிது. இன்னான்னு புரிஞ்சிபோச்சி. டிக்கில சக்கரம் இருந்துச்சி. ஆனா எங்க நிறுத்தறது? மழை ஊத்துது, மேலேர்ந்து மண்ணு வந்துக்கினே இருக்குது, அந்த சேத்துல ஜாக்கி நிக்குமா? அப்பா சீட்டுல சாஞ்சி தூங்கிக்கினு இருந்தாரு. நிறுத்துனா எழுந்துக்குவாரு. எதுக்குடா நிறுத்துனன்னு கேப்பாரு. இன்னா சொல்றது? அதான் மாட்டு வண்டி மாரி உருட்டிக்கினே வந்துட்டன்.”

முந்தின நாள் பூராவும் எல்லா பாரத்தையும் நானே சுமந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கவுண்டரில் உட்கார்ந்து முடிவெடுத்தேன், அவ்வளவுதான். அந்த முடிவின் மேல் உட்கார்ந்து மலை இறங்கினவர் அவர்.

“மன்னிச்சிக்குங்க தம்பி.”

“இன்னாக்கா நீங்க” என்றார். “ரெண்டு புதுசு போட்டுக்கினு போயிருந்தா மேலயே நின்னுட்டிருப்பன். இது கீழ வந்துடுச்சி இல்ல?” என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். இரண்டு புதுசு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் இன்றுவரை தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் மறுபடியும் நாலு பழசைத்தான் கொடுப்பேன். ஆனால் ஒன்று நன்றாக முடிந்துவிட்டது என்பதற்காக அது சரியான முடிவு என்று மார்தட்டிக்கொள்ளாதீர்கள். வண்டி திரும்பி வந்ததும் முதலில் டயரைப் பாருங்கள், அப்புறம் டீ குடிக்கலாம்.

மூன்று நாள் கழித்துச் சென்னை லாரி வந்தது. நாலும் புதுசு. கதிரவன் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்கே வந்தார். கார் ஜாக்கியில் ஏறியிருந்தது. பாய் டயர் மாட்ட, கதிரவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்குக் கவுண்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒல்லியான உருவம், வெள்ளை வேட்டி சட்டை, வீக்கம் வடிந்த கால். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீங்கதான் ஸ்டெல்லாம்மாவா? பழைய டயரு குடுத்தீங்களே?”

“ஆமாங்க ஐயா” என்றேன். தலைமை ஆசிரியர் முன்னால் நிற்கிற பயம் அந்த வயசிலும் வந்தது.

அவர் மகன் நிற்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு நான் தூங்கலம்மா.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“வண்டி ஒதறுனது எனக்குத் தெரியாமப் போவுமா? முப்பது வருஷமா ஏறி எறங்கற ரோடு அது. நான் கண்ணத் தெறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவன் நிறுத்தியிருப்பான். நிறுத்தியிருந்தா அந்த எடத்துலயே மண்ணு மூடியிருக்கும். அதான் தூங்கற மாதிரியே வந்துட்டேன்.”

“பயமா இல்லிங்களா ஐயா?”

“எனக்கு இன்னா பயம், வயசாயிடுச்சி. அவன் பயந்துக்கினு இருந்தான். அவன் மூச்சு விடற சத்தம் கேட்டுக்கினே வந்தேன். சின்னப் புள்ளைல காச்சல் வந்தா அப்பிடித்தான் விடுவான்.” வேட்டி முனையைக் கால் மேல் இழுத்து விட்டுக்கொண்டார். “அவன் கையப் புடிச்சிக்கணும்னு இருந்தது. தூங்கறவன் எப்பிடிப் புடிக்கறது?”

சொல்லிவிட்டு, “அவங்கிட்ட சொல்லிடாதீங்க” என்றார். கார் ஜாக்கியிலிருந்து இறங்கியது. கதிரவன் வந்து அவர் தோளைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் கதிரவன் ஐப்பசியில் வந்து ஒல்லி டயரை மாட்டிக்கொண்டு போனார், தை பிறந்ததும் வந்து மாற்றிக்கொண்டு போனார். நான் வேலையை விட்டு ஓய்வு பெற்ற வருஷம் பெரியவர் காலமானார். நானும் பாஷா பாயும் மலைக்குப் போயிருந்தோம். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கதிரவன் வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். இனிமேல் யாருக்காக மறைப்பது என்று தோன்றியது. பெரியவர் என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தூங்கவில்லை என்பதையும், கையைப் பிடிக்க நினைத்ததையும் சொன்னேன்.

கதிரவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எனக்கும் அப்பிடித்தாங்கா இருந்துச்சி. ஸ்டீயரிங்க வுட முடியல.”